ஆயிலா, அக்ரிலிக்கா? முதலில் காயும் இடத்தைப் பாருங்கள்

போன மாதம் அக்கா மகள் செம்பூரிலிருந்து வந்திருந்தாள். "மாமா, படம் வரைய ஆயில் வண்ணம் வாங்கவா, அக்ரிலிக் வாங்கவா?" என்று கேட்டாள். கேள்விதான் அப்படி, மனசுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள். கையில் ஒரு பட்டியல்: 24 நிற ஆயில் டியூப் பெட்டி, பன்றி மயிர் பிரஷ் ஒரு டஜன், படத்தை நிறுத்தி வரைய மர ஈஸல், ஆயிலைக் கரைக்க டர்பெண்டைன் ஒரு லிட்டர். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் மொத்தமும் அதில் போய்விடும். பட்டியலைப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டேன்: "படத்தை எங்க காய வைப்ப?"

அவளிடம் பதில் இல்லை. எனக்கோ இந்த ஊரில் படம் வரைய ஆரம்பித்த நாளிலிருந்து அதுதான் முதல் கேள்வி. மும்பையில் உட்கார்ந்து வரைய ஒரு மூலை எப்படியாவது கிடைத்துவிடும். வரைந்ததைப் பத்து நாள் யாரும் தொடாமல், காற்றும் வெளிச்சமும் படும்படி வைக்க இடம் கிடைப்பதுதான் பாடு. வண்ணம், பிரஷ், அறை மூன்றையும் நான் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன். அவளுக்குச் சொன்னதை, அவளைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

காய்வது என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, ஆயில் காய்வதும் அக்ரிலிக் காய்வதும் வேறு வேறு சங்கதி. அக்ரிலிக்கில் தண்ணீர் இருக்கிறது. அது ஆவியாகப் போனதும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று இறுகிப் படலமாகிவிடும். மின்விசிறிக்குக் கீழே மெல்லிய பூச்சு கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆயிலில் அப்படி ஆவியாகிப் போக எதுவும் இல்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனை வாங்கிக்கொண்டு மெல்ல மெல்லக் கெட்டியாகும். மெல்லிய பூச்சே தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர இரண்டு நாளிலிருந்து பன்னிரண்டு நாள் வரை ஆகலாம். நிறத்துக்கு நிறம் இது மாறும். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும். அலிசரின் கிரிம்ஸன் என்ற சிவப்பும் ஐவரி பிளாக் என்ற கறுப்பும் நாள் கணக்கில் இழுக்கும். வார்னிஷ் அடிக்க வேண்டுமென்றால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை பொறுக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, மும்பை மழையில் பார்ப்பது வேறு. நான் சயனில் ஒரு கோலியில் குடியிருந்த சமயம். இங்கே கோலி என்றால் ஒற்றை அறை. அம்மாவின் படத்தை மூன்றடிக்கு நான்கடி கேன்வாஸில் ஆயிலில் வரைந்திருந்தேன். மேலே பரணில் வைத்திருந்ததால் 2005 ஜூலை 26 அன்று அது தப்பித்தது. அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. எங்கள் கோலிக்குள் இடுப்பளவு தண்ணீர். வெள்ளத்துக்குத் தப்பிய படத்தை நான்தான் கெடுத்தேன். மறுபடி மழை வருமே என்று பயந்து, பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி பீரோவுக்குப் பின்னால் நிறுத்தினேன். பிள்ளையார் சதுர்த்தி முடிந்து பிரித்தபோது ஈரச்சாக்கு வாடை முகத்தில் அடித்தது. கேன்வாஸின் பின்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சை, கொத்துமல்லி விதை அளவில் வட்ட வட்டமாக. முன்பக்கம் அம்மாவின் வெள்ளைப் புடவை மஞ்சள் பூத்திருந்தது. நெற்றிப் பக்கம் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை இழுத்தபோது வண்ணமும் சேர்ந்து வந்தது.

மஞ்சள் போய்விட்டது. ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும், வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் தெளியும். ஜன்னல் ஓரம் மூன்று வாரம் வைத்ததில் புடவை பழைய நிறத்துக்கு வந்தது. பூஞ்சைக் கறை போகவில்லை. நெற்றியில் உரிந்த இடத்தை இன்றுவரை நான் தொடவில்லை.

சரி, அப்படியானால் ஆயிலே வேண்டாமா? அப்படியும் சொல்ல மனசு வரவில்லை. அக்கா மகள் ஆயில் கேட்டதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. அவள் வீட்டு ஆச்சியின் பூஜை அலமாரியில் ரவி வர்மா வரைந்த லட்சுமியின் பழைய அச்சுப்படம் இருக்கிறது. ரவி வர்மா 1894-இல் தன் அச்சகத்தை இவர்கள் வீட்டுக்குப் பக்கத்து ஊரான காட்கோபரில்தான் தொடங்கினார். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு, கன்னத்திலிருந்து கழுத்துக்கு நிறம் கோடு தெரியாமல் இறங்குவதுதான் ஓவியம். அந்த வேலைக்கு ஆயிலை மிஞ்ச எதுவும் இல்லை. காலையில் பூசிய வண்ணம் மாலையிலும் ஈரமாக இருக்கும். காய்ந்த பிரஷ் ஒன்றால் இரண்டு நிறம் சேரும் இடத்தை லேசாகத் தடவிக்கொண்டே இருக்கலாம். தப்பினால் துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். ஈரத்தில் பார்த்த நிறம்தான் காய்ந்த பிறகும் இருக்கும். அக்ரிலிக் அப்படியில்லை. ஈரத்தில் அதன் பசை பால் போல வெண்மையாக இருந்து, காய்ந்ததும் தெளிந்துவிடுவதால் நிறம் ஒரு படி கறுக்கும். தோல் நிறம் கலக்கும்போது இந்த ஒரு படி எவ்வளவு தொந்தரவு என்பது கலந்தவர்களுக்குத் தெரியும்.

ஆயிலின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், அது வீட்டில் உள்ளவர்களின் பக்கம். அவர்கள் வீடு இரண்டு அறையும் ஒரு மூடிய பால்கனியும். ஆச்சிக்கு வீஸிங். மழை மாதத்தில் இன்ஹேலர் தலையணைக்கு அடியிலேயே இருக்கும். அந்த வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு டர்பெண்டைன் திறந்தால் என்ன ஆகும்? அப்புறம் தீ. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டால் அவை தாமாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். எண்ணெய் ஆக்ஸிஜனை வாங்கும்போது வெளிவரும் சூடு சுருட்டிய துணிக்குள் வெளியேற வழியின்றிச் சேர்வதுதான் காரணம். கேஸ் அடுப்புக்கு ஐந்தடி தள்ளி வரைகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். துணியைத் தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொன்றாக விரித்துக் கொடியில் காயவிடுங்கள்.

டர்பெண்டைன் இல்லாமலும் ஆயிலில் வரையலாம். எண்ணெய் மட்டும் கலந்து வரைந்து, பிரஷ்ஷைச் சமையல் எண்ணெயில் அலசி, பிறகு பார் சோப்பில் கழுவினால் வாடை இருக்காது. தண்ணீரில் கரையும் ஆயில் வண்ணங்களும் வந்துவிட்டன. டர்பெண்டைன் பிரச்சினையை அவை தீர்த்துவிடும், காயும் நாளைக் குறைக்காது. ஆயிலைச் சீக்கிரம் காயவைக்கக் கலக்கும் லிக்வின் போன்ற ஆல்கிட் மீடியம் சேர்த்தால் மெல்லிய பூச்சு ஒன்றிரண்டு நாளில் தொடும் பதத்துக்கு வரலாம், ஆனால் அதற்கும் வாடை உண்டு. ஆச்சி இருக்கும் வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

அக்ரிலிக் என்றால் மாணவர்களுக்கு, ஆயில் என்றால் பெரிய ஓவியர்களுக்கு என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. இவளிடமும் இருந்தது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் ஓவியர்களுக்கென்று கடைக்கு வந்தது 1950களின் நடுவில்தான், அதனால் வயது குறைவு என்பது உண்மை. ஆனால் மும்பையில் உருவான முற்போக்கு ஓவியர் குழுவைச் சேர்ந்த எஸ்.எச். ரஸா 1983-இல் வரைந்த 'சௌராஷ்ட்ரா' அக்ரிலிக்தான். 2010-இல் லண்டன் ஏலத்தில் அது 16 கோடி ரூபாய்க்கு மேல் போனது. அந்தச் சிவப்பையும் காவியையும் பார்த்தவர் யாரும் இது ஆயில் இல்லையே என்று குறைப்பட்டிருக்கமாட்டார்கள்.

அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடுவதுதான் உங்கள் கவலை என்றால் மழை மாதம் உங்கள் பக்கம். ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை காற்றில் இருக்கும் ஈரம் வண்ணத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பதமாக வைத்திருக்கும். மற்ற மாதங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பெரிய எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் நான்காக மடித்த பழைய வேட்டித் துணியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து விரியுங்கள். அதன்மேல் பட்டர் பேப்பர் ஒன்றைச் சுருக்கமில்லாமல் ஒட்டவையுங்கள். வண்ணத்தை அந்தத் தாளின்மேல் பிதுக்கிக் கலக்குங்கள். வேலை முடிந்ததும் டப்பாவை மூடிவிட்டால் மறுநாளும் வண்ணம் பதமாகவே இருக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை துணியை மாற்றாவிட்டால் புளித்த வாடை வரும், அவ்வளவுதான். கடையில் விற்கும் ஈரப் பேலட்டும் (பேலட் என்றால் வண்ணம் கலக்கும் தட்டு) இதே வேலையைத்தான் செய்கிறது.

அக்ரிலிக்குக்கு ஒரு தனி எதிரி உண்டு, மே மாதம். இந்தப் படலம் சூட்டில் இளகும். தகரக் கூரைக்கு அடியில் இரண்டு படத்தை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது ஒன்றின் வண்ணம் மற்றொன்றில் இருக்கும். நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறிவிடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. நான் பல வருடமாகப் போவது அந்த வழியில்தான். அடிப்பூச்சு, நிழல், பெரிய நிறப்பரப்பு எல்லாவற்றையும் அக்ரிலிக்கில் மெல்லியதாக முடித்துவிடுவேன். நன்றாகக் காய்ந்த பிறகு முகம், கை, துணி மடிப்பு மட்டும் மேலே ஆயிலில். பத்து அடுக்கு ஆயிலுக்குப் பதில் இரண்டே அடுக்கு, காய வேண்டிய நாளும் பெருமளவு குறையும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: அக்ரிலிக்கின் மேல் ஆயில் போடலாம், ஆயிலின் மேல் அக்ரிலிக் போடக்கூடாது. எண்ணெய்ப் பரப்பில் அது பிடிக்காது, நாளடைவில் உரிந்துவிடும்.

வாட்டர்கலர் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, அது காயும் பிரச்சினையே இல்லாதது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் மரத்தடியில் உட்கார்ந்து வரைய அதைவிட நல்லது இல்லை. அதில் பிரச்சினை காகிதத்துக்குத்தான். வாட்டர்கலர் காகிதத்தில் பூசியிருக்கும் பசை மழை ஈரத்தில் அங்கங்கே கெட்டுப்போகும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வண்ணம் வைத்ததும் அந்த இடம் மட்டும் சாக்பீஸ் போல உறிஞ்சும். அதனால் 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள கெட்டிப் பருத்திக் காகிதத்தை மழைக்கு முன் மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். வாங்கினால் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

இனி டியூப். 24 நிறப் பெட்டி வேண்டவே வேண்டாம் என்றேன். அதில் பத்து நிறம் பத்து வருடத்துக்கும் தீராது, வெள்ளை மட்டும் பத்து நாளில் தீரும். ஆறேழு நிறம் தனித்தனி டியூபாக வாங்கினால் போதும்: டைட்டானியம் வெள்ளை பெரிய டியூப், அல்ட்ராமரீன் நீலம், ஒரு எலுமிச்சை மஞ்சள், எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள், பர்ன்ட் ஸியன்னா என்ற செம்பழுப்பு, பர்ன்ட் அம்பர், ஒரு சிவப்பு. நம் தோல் நிறத்துக்கு ஓக்கரும் ஸியன்னாவும் அல்ட்ராமரீனும்தான் அடித்தளம். கறுப்பு டியூபே தேவையில்லை. அம்பரும் அல்ட்ராமரீனும் சேர்ந்தால் அதைவிட உயிருள்ள கருமை வரும்.

மாணவர் தரமா, ஓவியர் தரமா? இந்த ஊரில் 1931-இல் மை தயாரிப்பில் தொடங்கிய கேம்லினிலும் இரண்டு தரமும் கிடைக்கும், வெளிநாட்டு நிறுவனங்களிலும் அப்படித்தான். மாணவர் தரத்தில் நிறமி குறைவு, நிரப்புப் பொருள் அதிகம். ஆனால் எல்லா நிறத்திலும் வித்தியாசம் ஒன்றாக இருக்காது. ஓக்கர், ஸியன்னா, அம்பர் எல்லாம் மண் நிறங்கள், மூலப்பொருளே மலிவு. அவற்றை மாணவர் தரத்தில் தயங்காமல் வாங்கலாம். காசு போட வேண்டியது சிவப்பிலும் வெள்ளையிலும். டியூபின் பெயரைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் நிறமி எண்ணைப் பாருங்கள். பி.பி. 29 என்றால் அது உண்மையான அல்ட்ராமரீன், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி. பெயருக்குப் பின்னால் 'ஹியூ' என்று இருந்தால் அந்த நிறமி உள்ளே இல்லை, அதன் சாயலில் வேறொன்று இருக்கிறது என்று அர்த்தம். அது தப்பில்லை, காட்மியம் போன்ற விலை கூடிய நிறமிக்குப் பயந்தவர்களுக்கு அதுவே வழி. தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளுக்குமா வெளுக்காதா என்பதைக் கடைக்காரரிடம் கேட்பதைவிட வெயிலிடம் கேட்கலாம். நான் புதுச் சிவப்பு எது வாங்கினாலும் ஓர் அட்டைத்துண்டில் விரல் அகலத்துக்குப் பட்டை இழுப்பேன், ஒரு முனை கெட்டியாக, மறுமுனை தண்ணீராக. பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மார்ச் மாதம் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிவிடுவேன். மே கடைசியில் தாளை எடுத்துப் பார்த்தால் போதும். பழைய வகை அலிசரின் கிரிம்ஸன், அதாவது பி.ஆர். 83, மெல்லிய முனையில் வெளிறிப்போய், மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் நடுவே கத்தி வைத்தது போல ஒரு கோடு தெரிந்தது. பக்கத்திலேயே ஒட்டிய குவினாக்ரிடோன் சிவப்பில் அந்தக் கோட்டைத் தேட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து நான் பி.ஆர். 83 வாங்குவதில்லை. ஒருவர் காசு கொடுத்து வாங்கி ஹாலில் மாட்டும் படத்தின் உதடு ஐந்து வருடத்தில் வெளிறினால் அதற்கு நான்தான் பொறுப்பு.

பிரஷ்ஷுக்கு வருவோம். நான் தாராவி 90 அடி சாலையில் போர்டு எழுதும் கடையில் வேலை பழகியவன். அங்கே அணில் மயிர் பிரஷ்ஷில் தமிழும் மராத்தியும் இழுத்த கை இது. ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலே போய்விட்டது. பிரஷ்ஷைப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

ஆயிலுக்குப் பன்றி மயிர் நல்லது. விறைப்பானது, கெட்டி வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போகும். அதே பிரஷ்ஷை அக்ரிலிக்குக்கு எடுத்தால் தண்ணீரில் ஊறி அரை மணியில் துவண்டுவிடும். அக்ரிலிக்குக்குச் செயற்கை இழைதான். ஒரு வசதியும் இருக்கிறது: சில வீடுகளில் பன்றி மயிர் பிரஷ்ஷைச் சமையலறைத் தொட்டியில் கழுவப் பெரியவர்கள் சம்மதிக்கமாட்டார்கள், அந்த மனசையும் மதிக்கத்தான் வேண்டும். கீரிப்பிள்ளை மயிரில் செய்த பிரஷ்ஷை யாராவது ரகசியமாக எடுத்துக் காட்டினால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாங்காதீர்கள். 1972-ஆம் வருட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் மயிரில் செய்த பிரஷ்ஷை விற்பது குற்றம். ஒரு பிடி மயிருக்காக ஓர் உயிரையே கொல்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அதைக் கையில் பிடிக்க முடியாது.

எண்ணிக்கை ஐந்து போதும். ஒன்றரை அங்குலப் பட்டை ஒன்று, நடுத்தரப் பட்டை ஒன்று, நுனி வளைந்த ஃபில்பர்ட் இரண்டு, கோடு இழுக்க ஒரு நீள ரிக்கர். ஒரு கம்பெனியின் எட்டாம் நம்பர் இன்னொன்றின் ஆறாம் நம்பர் அளவு இருக்கும், அதனால் நம்பரை நம்பி இணையத்தில் வாங்காதீர்கள். கடையில் நின்று, உள்ளங்கையில் அழுத்தி, திரும்ப நிமிர்கிறதா என்று பாருங்கள். ஆயிலுக்கு ஒரு செட், அக்ரிலிக்குக்கு ஒரு செட், கைப்பிடியில் வெவ்வேறு நிற நூல் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் பிரஷ்ஷை ஒருநாள் கழுவ மறந்தால் அதோடு அது போயிற்று.

கேன்வாஸா, பலகையா? மும்பைக்கு என் ஓட்டு பலகைக்கு. ஈரத்தில் கேன்வாஸ் விரிந்து சுருங்கும், அதோடு சேர்ந்து மேலே இருக்கும் வண்ணமும் அலையும். தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்டில் நான்கு ஓரத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து ஜெஸ்ஸோ, அதாவது வண்ணம் பிடிக்க முதலில் பூசும் வெள்ளைப் பூச்சு, அடித்தால் அது அசையாது. எம்.டி.எஃப். மலிவுதான், ஆனால் ஓரத்தில் ஈரம் ஏறினால் பொரி போல ஊதிவிடும். கேன்வாஸ்தான் வேண்டுமென்றால், பழைய முறையில் விலங்குப் பசை பூசியது வேண்டாம். அந்தப் பசை ஈரத்தை உறிஞ்சி ஊதும், பூஞ்சைக்கும் அது தீனி. அக்ரிலிக் ஜெஸ்ஸோ பூசிய பருத்திக் கேன்வாஸே போதும். சட்டத்தின் மூலைகளில் ஆப்பு செருகும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், தொய்ந்தால் தட்டி இறுக்கலாம்.

அறைக்கு அவளுக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. ஒன்று, வீட்டுப் பால்கனி, நான்கடிக்கு ஏழடி. இரண்டு, நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சயன் பக்கம் வாடகைக்கு எடுத்திருக்கும் மாடிப் பட்டறை. மூன்று, டோம்பிவிலி தாண்டித் தனியாக ஓர் அறை. மூன்றாவதை உடனே தள்ளினோம். பெரிய சுவர் கிடைக்கும், உண்மைதான். ஆனால் வேலைக்குப் போகிற பெண் ரயிலில் போய்வரும் நேரத்தைக் கழித்தால் வாரத்துக்கு ஒரு நாள்கூட வரைய மிஞ்சாது.

பட்டறையில் இடம் இருக்கிறது, ஆயில் வாடையை யாரும் கேட்கமாட்டார்கள், காய வைக்கச் சுவர் நெடுக அலமாரி இருக்கிறது. குறை என்னவென்றால் தகரக் கூரை. மே மாதம் மதியம் உட்கார முடியாது, ஜூலையில் மழைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பால்கனியில் இடம் இல்லை. ஆனால் அது காலை ஐந்தரைக்கு எழுந்தால் இரண்டடி தூரத்தில் இருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் வரைகிறவர் ஞாயிறு மட்டும் எட்டு மணி நேரம் வரைகிறவரைவிடச் சீக்கிரம் முன்னேறுவார். என் பழகுநர்களிடம் இதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

அவள் பால்கனி வடக்குப் பார்த்தது. வடக்கு வெளிச்சம்தான் ஓவியனுக்கு நல்லது, வெயில் நேராக விழாது, நாள் முழுக்க நிறம் மாறாது என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும். அது அவர்கள் ஊருக்கு முழு உண்மை. மும்பை 19 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. மே நடுவில் ஒரு நாளும் ஜூலை கடைசியில் ஒரு நாளும் இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலில்லா நாள் ஆகும். இந்த இரண்டு நாளுக்கும் இடையில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. காலையும் மாலையும் சாய்ந்து வரும் வெயில் மார்ச் கடைசியிலிருந்தே வடக்கு ஜன்னலுக்குள் எட்டிப்பார்க்கும். ஜூன் பிறந்தால் மேகம் மூடிவிடும், கவலை இல்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஒரு வெள்ளைப் பருத்தித் திரை வேண்டும். பழைய எட்டு முழ வேட்டி ஒன்றே போதும், வெளிச்சம் பால் போல வடிந்து வரும்.

இருட்டிய பிறகு வரைவதானால் வீட்டு டியூப் லைட்டை நம்பாதீர்கள். ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் கணக்கில் பெரும்பாலும் அவை 6500, நீலம் தூக்கிக் காட்டும். ராத்திரி சரியாகத் தெரிந்த முகம் காலையில் மஞ்சள் காமாலை வந்தது போல இருக்கும். 5000 கெல்வின் அளவில், சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90-க்கு மேல் என்று அட்டையில் போட்ட எல்.இ.டி. பல்பு இரண்டு வாங்கி, ஒன்றைப் படத்துக்கும் ஒன்றைப் பேலட்டுக்கும் வையுங்கள்.

எல்லாவற்றையும் பேசி முடித்தபோது மாலை ஆகிவிட்டது. கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்துபோய் காபி குடித்தோம். அங்கேதான் பட்டியலைத் திருப்பி எழுதினாள். வீட்டுக்கு அக்ரிலிக், ஏழு டியூப். செயற்கை இழை பிரஷ் ஐந்து. பதினாறுக்கு இருபது அங்குலத்தில் ஜெஸ்ஸோ அடித்த பலகை ஆறு. ஈஸல் வேண்டாம், பால்கனிக் கம்பியில் மாட்டும்படி ஒரு சாய்வுப் பலகை. பல்பு இரண்டு. மழை முடிந்து அக்டோபரில் பட்டறைக்கு வந்து, ஒரு பலகையை எடுத்து முகத்தை மட்டும் ஆயிலில் முடித்துப் பார்ப்பது. அதற்கு வெள்ளை, ஓக்கர், ஸியன்னா, அல்ட்ராமரீன் என நான்கே டியூப். பழைய பட்டியலில் பாதிக்கும் குறைவாகத்தான் வந்தது. மிச்சப் பணத்தில் பட்டறை வாடகையில் அவள் பங்கை மூன்று மாதத்துக்குக் கொடுக்கலாம்.

"ஆச்சிய வரையணும் மாமா. லட்சுமி படத்துல இருக்கிற அந்தக் கன்னம் மாதிரி" என்றாள்.

"ஏ பிள்ள, மொதல்ல ஆச்சி கன்னத்தை நல்லா பாரு. நிழல்ல பச்சை தெரியும்" என்றேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை செம்பூர் போயிருந்தேன். முதல் பலகையில் அடிப்பூச்சு முடிந்திருந்தது, ஸியன்னா கொஞ்சம் தூக்கல், போகப் போகச் சரியாகும். பால்கனிச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன், ஈரம் சில்லென்று ஏறியது. பலகை அந்தச் சுவரை ஒட்டியே சாய்ந்திருந்தது. ஆச்சியிடம் சுத்தியல் கேட்டு வாங்கி, பலகை சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிற்கும்படி இரண்டு மரத்துண்டை அடித்துக் கொடுத்தேன். பின்னால் காற்று போக வேண்டும்.